யூஃபோனியம் காப்பி வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல யூஃபோனியம் (டியூபாவைப் போன்ற, அதைவிடச் சிறிய பித்தளை ஊதுகருவி) ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் முதலில் காதில் விழுவது காப்பி வாங்கலாமா கூடாதா என்ற சண்டைதான். பெஸ்ஸன் சாவரின், யமஹா 642 போன்ற கருவிகளை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த சீனத் தயாரிப்புகள் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கின்றன. 'திருட்டு டிசைன், தொடவே தொடாதே' என்பார் ஒருவர். 'எல்லாம் ஒரே பித்தளைதான், பெயருக்கு எதற்குக் காசு' என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பேச்சு. சர்ச் பேண்டுக்கோ பள்ளி பேண்டுக்கோ ஊர்ப் பணத்தில் வாங்குகிறவர்கள் இவர்களில் யார் பேச்சைக் கேட்டாலும் நஷ்டப்படுவார்கள்.

முதல் தவறு, காப்பியையும் போலியையும் ஒன்றாக நினைப்பது. வேறொருவரின் பெயரையும் முத்திரையையும் பொறித்து விற்பது போலி. அது மோசடி, அதில் பேச ஒன்றுமில்லை. ஒரு வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்து, தன் சொந்தப் பெயரில் விற்பது காப்பி. இங்கிலாந்தின் வெசெக்ஸ், ஜான் பேக்கர் போன்ற நிறுவனங்கள் சீனாவில் செய்வித்த கருவிகளைத் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. யார் செய்தது, பழுதானால் யாரைக் கேட்பது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்.

'திருட்டு' என்ற குற்றச்சாட்டைச் சொல்லும் முன் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யூஃபோனியத்தின் உயிர்நாடியான, கீழ் ஸ்வரங்களின் சுருதியைச் சரிசெய்யும் காம்பன்சேட்டிங் அமைப்புக்கு, பூசி என்ற இங்கிலாந்துக் கருவி கம்பெனியைச் சேர்ந்த டேவிட் பிளெய்க்லி காப்புரிமை பெற்றது 1874-இல். அந்த உரிமை காலாவதியாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. இன்று யமஹா பயன்படுத்துவதும் அந்த அமைப்பைத்தான். ட்ரம்பெட் உலகில் அளவுகோலாக மதிக்கப்படும் தயாரிப்பாளர் வின்சென்ட் பாக் கூட பிரெஞ்சு பெஸ்ஸன் ட்ரம்பெட்டுகளை ஆராய்ந்து, அவற்றை முன்மாதிரியாக வைத்தே தன் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். முன்னோடியின் கருவியை அளந்து பார்த்துக் கற்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். அதற்காக எல்லாமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பல ஆண்டுகள் செலவழித்து உருவாக்கிய புது வால்வையோ புது வடிவத்தையோ, உரிமை உயிரோடு இருக்கும்போதே எடுத்துக்கொள்வது தவறுதான். 150 வருடப் பழைய அமைப்பை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: வடிவம் ஒன்றானால் கருவியும் ஒன்றுதான் என்று நம்புவது. காம்பன்சேட்டிங் அமைப்பு என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். பி-ஃபிளாட் யூஃபோனியத்தின் குழாய் சுமார் 2.7 மீட்டர் நீளம். இரண்டாவது வால்வை அழுத்தினால் அரை ஸ்வரம் இறங்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 16 செ.மீ. குழாய் கூடுகிறது. ஆனால் நான்காவது வால்வையும் அழுத்தியிருக்கும்போது மொத்தக் குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டது. இப்போது அதே அரை ஸ்வரம் இறங்க 22 செ.மீ. தேவை. அந்தப் பற்றாக்குறையால் கீழ் ஸ்வரங்கள் எல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும். பிளெய்க்லி கண்டுபிடித்த வழி, நான்காவது வால்வின் குழாயைக் கடந்த காற்றை மறுபடி மற்ற மூன்று வால்வுகளுக்குள்ளும் திருப்பி அனுப்பி, பின்பக்கம் உள்ள சின்னச் சின்ன வளையங்கள் மூலம் குறையும் நீளத்தைச் சேர்ப்பது.

அதாவது நான்காவதை அழுத்தும்போது காற்று ஒவ்வொரு வால்வையும் இரண்டு முறை கடக்கிறது. சாதாரணக் கருவியில் கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவும், துளைகளின் சிறு விலகலும் இங்கே இரட்டிப்பாகும். வடிவத்தை நகலெடுப்பது எளிது. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியை ஒவ்வொரு கருவியிலும் பிசகாமல் கொண்டுவருவதுதான் கடினம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒரே தொழிற்சாலையின் இரண்டு கருவிகளில் ஒன்று அருமையாகவும் மற்றொன்று சளி பிடித்தது போலவும் ஒலிப்பதற்குக் காரணமும் அதுவே. நண்பருடைய கருவியை ஊதிப் பார்த்துவிட்டு அதே மாடலைக் கண்ணை மூடிக்கொண்டு வரவழைக்காதீர்கள். உங்கள் கைக்கு வரப்போகும் கருவியையே சோதியுங்கள்.

சோதனை கடினமல்ல. வால்வுக்கு எண்ணெய் விட்டு, அழுத்தாமல் வைத்து, அந்த வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாய்) முழுதாகக் கழற்றாமல் கொஞ்சம் வெளியே இழுங்கள். சில வினாடிகள் பொறுத்து வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று அடைபட்டு நின்றிருக்கிறது. சத்தமே இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. நான்கு வால்வுக்கும் இதைச் செய்யுங்கள். பிறகு நான்காவது வால்வை அழுத்தியபடியே மற்றவற்றையும் சேர்த்துக் கீழே இறங்கி ஊதுங்கள். கடையில் எல்லோரும் ஊதிப் பார்ப்பது நடு ஸ்தாயி ஸ்கேல்தான். குறை ஒளிந்திருப்பது அதற்குக் கீழே. அங்கே மூச்சுத் திணறினால் உடனே 'காப்பி, அப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். வால்வுக்குள் இருக்கும் ஃபெல்ட்டின் (கம்பளித் துணி வளையம்) கனம் சரியில்லாமல் துளைகள் நேராகச் சேராததும் காரணமாக இருக்கலாம். தெரிந்த ரிப்பேர்காரர் ஃபெல்ட்டை மாற்றி அதைச் சரிசெய்துவிடுவார். கசிவு அப்படியல்ல, அதற்கு மலிவான மருந்து கிடையாது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது: அசலில் உள்ள குறைக்குக் காப்பியைத் திட்டுவது. ட்ரெபிள் கிளெஃபில் எழுதும்போது ஸ்டாஃபின் ஐந்தாம் கோட்டுக்கு மேல் உட்காரும் ஜி, அதை ஒட்டிய எஃப் ஆகிய ஸ்வரங்கள் பெரும்பாலான யூஃபோனியங்களில் ஏறித்தான் ஒலிக்கும். அதற்காகவே விலை உயர்ந்த மாடல்களில் மெயின் ட்யூனிங் ஸ்லைடை இழுக்க ட்ரிகர் (விரலால் இயக்கும் நெம்புகோல்) வைக்கிறார்கள். காப்பி அந்தக் குறையையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறது. பிள்ளைகளிடம் 'உன் கருவி மட்டம்' என்று சொல்லாமல் உதட்டால் அதை இறக்கப் பழக்குங்கள். மலிவான கருவி வைத்திருக்கிறான் என்பதற்காக ஒரு பையனைப் பின்வரிசைக்குத் தள்ளுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

மவுத்பீஸ் விஷயத்தில் சுருக்கமாக: யூஃபோனியத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஷாங்க் (மவுத்பீஸில் கருவிக்குள் செருகும் தண்டு) அளவுகள் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தனியாக மவுத்பீஸ் வாங்குங்கள்.

கடைசியாக, பட்ஜெட் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். முலாம் உரிவது, பற்றவைத்த இடம் விடுவது எல்லாம் முதல் ஒன்றிரண்டு வருடங்களில்தான் தலைகாட்டும். பிஸ்டன், ஸ்பிரிங் போன்ற உதிரி பாகங்கள் தனியாகக் கிடைக்குமா, கருவியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறார் என்றால் அதே பணத்தில் பழைய யமஹா 321 கிடைக்குமா என்று தேடுங்கள். அதில் காம்பன்சேட்டிங் கிடையாது, கீழ் ஸ்வரங்களுக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். வாங்கும் முன் அதற்கும் அதே 'பொப்' சோதனையைச் செய்யுங்கள்.