சண்டை மீனுக்குச் சின்னக் கிண்ணம் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சண்டை மீனைக் கையளவு டப்பாவில் விற்பார்கள். பிள்ளைகள் வாங்கிவந்து ஜாடியில் விட்டுவிடுகிறார்கள். உடனே சாகாது, மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன் அது. ஆனால் நன்றாக வாழாது. கொஞ்சத் தண்ணீரில் கழிவும் மிச்சத் தீனியும் சீக்கிரமே அம்மோனியாவாகிச் செவுளைப் புண்ணாக்கும். துடுப்பின் ஓரம் கறுத்துக் கிழிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

10 லிட்டராவது வேண்டும். 20 என்றால் எனக்கு நிம்மதி. மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டாம், நேர் வெயில் மட்டும் படக்கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் கலந்த பிறகே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும், முழுக்க மாற்றாதீர்கள்.

அப்புறம், கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை. பூச்சிமருந்து படாத மரத்தடியில் தானாக உதிர்ந்து பழுப்பேறியதைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து ஒன்று போடுங்கள். தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும், பயப்படாதீர்கள். தாய்லாந்து வயல்களிலும் சதுப்புகளிலும் இலை மட்கிய நீரில் வாழ்ந்த இனம், அதற்கு அது பிடிக்கும்.

துள்ளி விழாமலிருக்க ஓட்டை போட்ட மூடி அவசியம். ஆண் மீன் இரண்டை ஒரே தொட்டியில் விடவே கூடாது.