வெட்டுக் காலத்தில முட்டு வருதோ? நெஞ்சுக்குள்ள போற கூப்பாட்டை முதலே அடக்கிறது எப்பிடி

காலபோக நெல்லு வெட்டு தொடங்கினா வன்னிப் பக்கம் முட்டுக்காரருக்கு, அதான் ஆஸ்மா உள்ளாக்களுக்கு, கஷ்டம்தான், வெட்டு மிசின் போன பிறகும் தூசி அடங்காது. கனபேர் நீல இன்ஹேலரை மட்டும் பொக்கெற்றுக்க வைச்சுக்கொண்டு திரியினம், பாக்க எனக்கு உண்மையாவே கவலையா இருக்கும், ஏனெண்டா அது மட்டும் காணாது.

நெல்லுத்தூசியில பக்டீரியாவில இருந்து வாற எண்டோடொக்சின் எண்ட நச்சு இருக்கும். அது உள்ள போனா, சுவாசப்பையில காவலுக்கு இருக்கிற மக்ரோபேஜ் கலங்களும் மூச்சுக்குழாய்ச் சுவர்க் கலங்களும் கெமொக்கைன் எண்ட சின்னப் புரதங்களை விடும். 1987இல கண்டுபிடிச்ச இன்டர்லூக்கின் 8 அதில ஒண்டு, அது நியூட்ரோபில் எண்ட வெள்ளைக் கலத்தைக் கூப்பிடும். கருவாடு பொரிக்கிற வீட்டை மணத்தை வைச்சே கண்டுபிடிக்கிறமெல்லோ, கிட்டப் போகப்போக மணம் கூடும், அப்பிடித்தான் அந்தக் கலமும் கெமொக்கைன் கூடின பக்கம் பாத்து ஊர்ந்து, இரத்தக்குழாய்ச் சுவருக்கால நெளிஞ்சு வெளிய வந்து, சில மணித்தியாலத்துக்குள்ள குவிஞ்சிடும். முட்டுக்காரருக்கு இயோடக்சின் எண்ட இன்னொரு கெமொக்கைன் இயோசினோபில் எண்ட வேற வெள்ளைக் கலங்களையும் கூட்டிக்கொண்டு வரும். வந்ததுகள் கிருமி கொல்லுற சாமானைக் கொட்ட, மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி சளி கட்டும்.

நீலத்தில இருக்கிற சல்பியூட்டமோல் இறுகின தசையைத் தளத்தும், கெமொக்கைன் போடுற அந்தக் கூப்பாட்டை நிப்பாட்டாது. அதைக் குறைக்கிறது பெக்லோமெதசோன் மாதிரி ஸ்டீரொயிட் இன்ஹேலர், கெமொக்கைன் செய்யிற ஜீன்களையே அடக்கும், ஆனா முழுப் பலன் தெரியக் கிழமைக்கணக்காகும். அதால கிளினிக்கில தந்திருந்தா வெட்டுக்கு முதலே ஒழுங்கா எடுங்கோ, சுகமாப் போச்செண்டு நீங்களா விட்டிடாதேங்கோ.

எடுக்கிற விதம்தான் முக்கியம். நல்லாக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளிய விட்டிட்டு, வாயில வைச்சு மெதுவா இழுக்கத் தொடங்கேக்க அமத்துங்கோ, அமத்தினாப் பிறகும் இழுத்துக்கொண்டே இருங்கோ, பிறகு 10 செக்கன் மூச்சைப் பிடியுங்கோ. டக்கெண்டு இழுத்தா மருந்து தொண்டையிலயே நிண்டிடும். சின்னப் பிள்ளையளுக்கு ஸ்பேசர், அதான் இன்ஹேலரில பூட்டுற குழாய், கட்டாயம் வேணும், வயசு போனாக்களுக்கும் அதுதான் லேசு. ஸ்டீரொயிட் எடுத்தா வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்கோ, இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளையாப் பூஞ்சணம் பிடிக்கும்.

மிசின் ஓடேக்க காத்து வாற பக்கமா நில்லுங்கோ. சால்வை நுண்தூசியை மறிக்காது, முகத்தோட ஒட்டி நிக்கிற என்95 மாஸ்க் போடுங்கோ.

ஒரு வசனம் முழுசாச் சொல்லேலாம மூச்சு வாங்கினா, சொண்டு நீலம் பாஞ்சா, விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. நீல இன்ஹேலரைக் குடுத்துக்கொண்டே 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.