படுக்கையை நனைக்கும் பிள்ளைக்கு

பகலில் கழிப்பறைக்குச் செல்லப் பழகிவிட்ட குழந்தை இரவில் பாயை நனைப்பது, பழக்கிய முறையில் குறை என்றோ பிள்ளையின் சோம்பல் என்றோ பொருள்படாது. சிறுநீர்ப்பை நிறைந்ததும் மூளை விழித்துக்கொள்வதும், இரவில் சிறுநீர்ச் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயதில் கைகூடுகின்றன. ஐந்து வயதிலும் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக் குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் (பாட்டியைக் கேட்டால் உண்மை வெளிவரும்).

பகல் முழுவதும் தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்து, படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தேநீரும் காப்பியும் வேண்டாம். படுக்கப்போகும்போது ஒருமுறை சிறுநீர் கழிக்க வையுங்கள். மலச்சிக்கலைக் கட்டாயம் கவனியுங்கள்: இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மெத்தைமேல் ரப்பர் விரிப்பும் கைக்கெட்டும் இடத்தில் மாற்றுடையும் இருந்தால் நள்ளிரவில் விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை. திட்டுவதும், விருந்தினர் முன் சொல்லிச் சிரிப்பதும் கூடாது. அவை பிள்ளையின் மனத்தைப் புண்படுத்துமே தவிரப் பயன் தராது.

ஆறு மாதமாவது நனைக்காமலிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், அடங்காத தாகம், எடை குறைதல், குறட்டை ஆகியவை தென்பட்டாலோ, ஏழு வயதைத் தாண்டியும் தொடர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.