தூக்கிக் கட்டிய ஜீப்பில் ஸ்டியரிங் உதறுகிறதா?

மதுரை நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் அறுபதைத் தாண்டிப் போகும்போது ஒரு இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வெறி பிடித்த மாதிரி ஆடும். உயரம் கூட்டிப் பெரிய டயர் போட்ட பழைய ஜீப், ஜிப்ஸி மாதிரி முன்னால் ஒரே இரும்பு ஆக்சில் உள்ள வண்டிகளுக்குத்தான் இந்த வியாதி அதிகம். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் குறையக் குறைய ஓரம் கட்டுங்கள்.

பெரும்பாலும் கடைக்காரர் முதலில் ஸ்டியரிங் டேம்பரைத்தான் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்வார். அது நோயை மூடி மறைக்குமே தவிர தீர்க்காது. சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சின்னதாக அசைக்க, நீங்கள் பக்கத்தில் குனிந்து டை ராடு (முன் சக்கரங்களை இணைத்துத் திருப்பும் கம்பி) முனைகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். அப்புறம் ஜாக்கி போட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங், வீல் பேரிங் தேய்மானம் பிடிபடும். பட்டை ஸ்பிரிங் முனைகளில் உள்ள புஷ்களையும் விட வேண்டாம். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் உதறினால், உயரம் கூட்டியதில் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் கிங் பின் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கலாம். வெறும் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் போதாது, காஸ்டர் அளவையும் எடுத்துக் கேளுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். வீல் பேலன்சிங் கூடவே முடித்துவிடுங்கள்.