உபயப் பட்டியலில் கைவைக்க முடியவில்லை: திறந்த மூல மென்பொருள், முதல் பாடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் தீமிதிக்கு மூன்று நாள்தான் பாக்கி. செயலாளர் அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, உபயப் பட்டியல் தெரியுது, ஆனா ஒரு பேரைக்கூடச் சேர்க்க முடியல." லேப்டாப்போடு வந்த மென்பொருளின் சோதனைக்காலம் முடிந்திருந்தது. பட்டியல் அவருடையதுதான், பார்க்கலாம், கைவைக்க முடியாது.

எஸ்டேட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்குவது சுலபம். தனியுரிமை மென்பொருள், அதாவது ஒரு நிறுவனம் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கும் மென்பொருள், எஸ்டேட் லயத்து வீடு மாதிரி. குடியிருக்கலாம், சுவரை இடிக்கவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளில் வீட்டோடு வரைபடமும் கைக்கு வரும். அந்த வரைபடம்தான் மூல நிரல், மென்பொருளை எழுதிய வரிகள். படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். நமக்கு நிரல் எழுதத் தெரியாதா? தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளலாம்.

படி 1: காசை மறந்துவிடுங்கள்

இலவசமும் திறந்த மூலமும் ஒன்று என்று நினைத்து எல்லாரும் வழுக்கி விழுவது இங்கேதான். வாட்ஸ்அப்புக்கு நாம் ஒரு வெள்ளிகூடக் கட்டுவதில்லை. ஆனாலும் அது திறந்த மூலம் இல்லை. இன்னொரு பக்கம், ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்துக்குப் பராமரிப்புச் சேவை விற்றே வளர்ந்தது. 2019-ல் ஐபிஎம் அதை 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

படி 2: உரிமத்தைப் பாருங்கள்

வீடியோ பார்க்க உதவும் விஎல்சி (VLC) உங்கள் கணினியில் இருந்தால் திறங்கள். உதவிப் பட்டியில் 'பற்றி' என்பதை அழுத்தி, உரிமப் பக்கத்துக்குப் போங்கள். ஜிபிஎல் (GPL) என்று இருக்கும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் முதலில் வெளியிட்ட உரிமம் அது. மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. எம்ஐடி (MIT), அப்பாச்சி (Apache), எம்பிஎல் (MPL) என்ற உரிமப் பெயர்களைக் கண்டாலும் திறந்த மூலம்தான்.

படி 3: லிப்ரெஓஃபிஸ் போடுங்கள்

கடிதம், பட்டியல் எல்லாம் தயாரிக்க உதவும் திறந்த மூல அலுவலக மென்பொருள் இது. இதன் கதையே பாடம். ஓப்பன்ஆஃபிஸ் என்ற இதேபோன்ற திறந்த மூல மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனம் 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு, ஓப்பன்ஆஃபிஸில் வேலை செய்தவர்களில் பலர் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிப்ரெஓஃபிஸ். லயத்து வீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா?

அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். நிறுவும்போது, நாமே தேர்ந்தெடுக்கும் முறையில் போனால் மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: பழைய கோப்பைத் திறங்கள்

முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிரதியை லிப்ரெஓஃபிஸில் திறந்து, அதன் அட்டவணைக் கோப்பு வடிவமான ஓடிஎஸ் (ODS) வடிவில் சேமியுங்கள். இந்த வடிவத்தின் விவரம் எல்லாருக்கும் திறந்தது. 2006-லிருந்து ஐஎஸ்ஓ (ISO) என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமும்கூட. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் கிறுக்கலாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருக்கும்; பொதுத் தர எழுத்துக்குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

எல்லாம் அச்சு அசலாக வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் பட்டியலில் கடைசி இரண்டு உபயக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பக்க ஓரத்தை அரை சென்டிமீட்டர் குறைத்ததும் மேலே ஏறிக்கொண்டார்கள். விட்டுப்போன பெயரையும் சேர்த்து, பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்பினோம்.