கொழுந்துக் கணக்கில் எக்செல்: மலைநாட்டிலிருந்து ஆன்லைன் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு ஆபீஸ் வேலை தேடுகிறவர்களுக்காக வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்புகள் நிறைய நடக்கின்றன. மூன்றில் எக்செலைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். தோட்ட ஆபீஸாக இருக்கட்டும், தேயிலைத் தொழிற்சாலையாக இருக்கட்டும், ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையாக இருக்கட்டும், போன முதல் நாளே கையில் வருவது கணக்குத் தாள்தான். ஆனால் வகுப்பைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் எக்செல் வராது. ஆசிரியர் சொல்லச் சொல்லச் செய்துபார்க்க நமக்கென்று ஒரு தாள் திறந்திருக்க வேண்டும். அதை நமக்குத் தெரிந்த கணக்கிலேயே போடலாம்: ஆறு நாள் பறித்த தேயிலைக் கொழுந்து.

காசு கட்டும் முன்

நான்கு கேள்வி கேளுங்கள். வகுப்பு நேரடியாக நடக்கிறதா, பதிவு செய்த வீடியோவா? நேரடி என்றால் பதிவு பிறகு கிடைக்குமா? மழை நாளில் சிக்னல் போனால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். பயிற்சிக்கு ஃபைல் தருவார்களா? செய்து அனுப்பினால் யாராவது திருத்துவார்களா? கடைசி இரண்டுக்கும் "இல்லை" என்றால் அந்த வகுப்பு வேண்டாம். வேலைக்குச் சான்றிதழும் தேவை என்றால், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, கிடைப்பது தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னலும் டேட்டாவும்

1. தகரக் கூரையின் கீழ் உள் அறையில் சிக்னல் குறையும். போனை ஜன்னல் ஓரத்தில் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டு, கணினியை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலை மறைக்காத பக்கத்து ஜன்னல் எது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

2. விண்டோஸ் கணினியை ஹொட்ஸ்பொட்டில் இணைத்ததும் அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய் "மீட்டர்ட் கனெக்‌ஷன்" என்பதை ஒன் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் வகுப்பு நடக்கும்போதே விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கலாம். டேட்டாவும் தீரும், ஆசிரியரின் குரலும் அறுந்து அறுந்து வரும்.

3. உங்கள் கெமராவை மூடி வையுங்கள். வீடியோவோடு ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு ஜிபி அளவுக்குப் போகலாம். ஆசிரியரின் திரையும் குரலும் வந்தால் போதும்.

4. இலவச சூம் கணக்கில் நடத்தும் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அது உங்கள் சிக்னல் கோளாறு இல்லை. அதே லிங்கில் திரும்ப வருவதா, புது லிங்க் வருமா என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

போனில் வகுப்பைக் கேட்டு, கணினியில் கை வைப்பதுதான் வசதி. இரண்டும் ஒரே கணினியில்தான் என்றால் விண்டோஸ் விசையோடு இடது அம்பை அழுத்துங்கள். சூம் பாதித் திரைக்குப் போய்விடும், மறுபாதியில் எக்செலைத் திறக்கலாம். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் எக்செல் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்கின் தர்க்கத்தை அதில் பழகலாம். கை வேகத்தைப் பழக வாரத்தில் இரண்டு மணி நேரமாவது நெனசல போன்ற பொதுக் கணினி நிலையத்திலோ நண்பர் வீட்டிலோ கீபோர்டு முன் உட்காரத்தான் வேண்டும்.

எக்செல் வாங்கக் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று திறந்தால் பிரவுசரிலேயே இலவச எக்செல் உண்டு. நெட் இல்லாமல் வேலை செய்ய லிப்ரே ஒஃபிஸை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் கணக்குகளை அதிலும் போடலாம்.

தாளைப் போடுவோம்

பாடசாலையில் படித்த நிரல், நிரைதான் இங்கேயும். மேலிருந்து கீழே போவது நிரல், இடமிருந்து வலம் போவது நிரை. நிரல்களுக்குத் திரையில் ஆங்கில எழுத்து இருக்கும். இங்கே ஏ, பி, சி என்று எழுதியிருக்கிறோம்.

முதல் நிரையில் ஏ1 கட்டத்தில் "பெயர்", பி1 முதல் ஜி1 வரை திங்கள் தொடங்கிச் சனி வரை, எச்1 இல் "மொத்தக் கிலோ", ஐ1 இல் "காசு" என்று எழுதுங்கள். கே1 இல் 50 என்று போடுங்கள். கிலோவுக்கு 50 ரூபாய் என்பது பயிற்சிக்காக வைத்துக்கொண்ட எண்தான்.

அடுத்த மூன்று நிரையில் மூன்று பேர். முதல் ஆளுக்கு 18, 21, 16, 20, 19, 14. இரண்டாம் ஆளுக்கு 22, 17, 0, 19, 20, 18. மூன்றாம் ஆளுக்கு 15, 20, 18, 17, 21, 16. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் டெப் விசையைத் தட்டினால் வலப்பக்கக் கட்டத்துக்குப் போகும். மவுஸைத் தேட வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் "கி." என்று எழுதாதீர்கள். "18 கி." என்று எழுதிய உடனே எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. கூட்டும்போது அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை என்று எதுவும் காட்டாது, மொத்தம் மட்டும் குறையும். சம்பளக் கணக்கில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: நீங்கள் எதையும் மாற்றாதபோது எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் ஒட்டிய எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இனி கூட்டல். எச்2 ஐக் கிளிக் செய்து, ஆல்ட் விசையைப் பிடித்தபடி சமக்குறியைத் தட்டுங்கள். பி2 முதல் ஜி2 வரை புள்ளிக்கோடு சுற்றி ஓடும். என்டர் அடித்தால் 108 வர வேண்டும். மற்ற இருவருக்கும் இதையே திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். மூன்றாவது ஆளின் நிரைக்கு வரும்போது எக்செல் இடப்பக்கத்துக் கிலோவை விட்டு மேலே இருக்கும் மொத்தங்களைப் பிடித்துக் கூட்டிவிடும். எச்2 இன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து எச்4 வரை இழுங்கள். 108, 96, 107 வரும்.

இரண்டாம் ஆள் புதன்கிழமை வேலைக்கு வரவில்லை, அதனால்தான் 0. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, எச்3 இல் ஆல்ட், சமக்குறி தட்டினால் எக்செல் வெறுமைக்கு இந்தப் பக்கம் உள்ள மூன்று நாளை மட்டும் பிடிக்கலாம். புள்ளிக்கோடு எதுவரை ஓடுகிறது என்று பார்த்துவிட்டே என்டர் அடியுங்கள். ஆனால் சராசரி எடுக்கும்போது கதை மாறும்: வெறுமையை எக்செல் நாளாக எண்ணாது, 0 ஐ எண்ணும். வந்த நாளுக்கான சராசரி வேண்டுமா, வாரத்துக்கானதா என்பதை முதலில் நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

டொலர் குறி

தொடக்க வகுப்பில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஐ2 இல் சமக்குறி போடுங்கள். எச்2 ஐக் கிளிக் செய்யுங்கள், உடுக்குறி (*) போடுங்கள், கே1 ஐக் கிளிக் செய்து என்டர் அடியுங்கள். 5400 வரும். சரிதான். இப்போது கீழே இழுத்துப் பாருங்கள். மற்ற இருவருக்கும் 0.

காரணம் இதுதான். கீழே இழுக்கும்போது எக்செல் சூத்திரத்தில் உள்ள எல்லாக் கட்டத்தையும் ஒவ்வொரு படி இறக்கும். எச்2 எச்3 ஆவது நமக்குத் தேவை. கே1 உம் கூடவே கே2 ஆகிவிடுகிறது, அது வெறுமை. வெறுமையால் பெருக்கினால் 0.

ஐ2 ஐ இரட்டைக் கிளிக் செய்து, சூத்திரத்தில் கே1 மீது கர்சரை வைத்து எஃப்4 விசையைத் தட்டுங்கள். எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் $ குறி வரும். அந்தக் கட்டம் இனி நகராது. மடிக்கணினி சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். போனில் $ ஐக் கையால் எழுதலாம். என்டர் அடித்து மறுபடி இழுத்தால் 5400, 4800, 5350. மொத்தம் 15,550 வருகிறதா பாருங்கள். இனி கே1 இல் 50 ஐ 55 ஆக்கினால் எல்லோரின் காசும் தானாக மாறும். விலையைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் தனிக் கட்டத்தில் வைத்தது அதற்காகத்தான்.

சம்பளச் சீட்டு

கீழே உள்ள கூட்டல் குறியைத் தட்டி இரண்டாவது தாள் ஒன்றைத் திறவுங்கள். பி1 இல் 30000. பி2 இல் 8%, பி3 இல் 12%, பி4 இல் 3%. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 8, தொழில்கொள்வோர் தன் பங்காகப் போடுவது 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவரே போடுவது 3. பி1 ஐ ஒவ்வொன்றாலும் பெருக்கினால் 2400, 3600, 900.

கையில் கிடைப்பது 30000 இல் 2400 கழித்து 27,600. மற்ற இரண்டையும் கழித்துவிட்டால் தவறு. அவை சம்பளத்துக்கு மேலே போடப்படுபவை. சத வீதக் குறியை மறந்து வெறும் 8 என்று எழுதினால் 2,40,000 என்று வரும். அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் குறியைத் தேடுங்கள். இந்தத் தாள் முடிந்ததும் வீட்டில் அம்மாவின் சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நிதிக்குக் கணக்கில் சேரும் தொகை எது, சேராத தொகை எது என்று கேள்வி வந்தால் அதை எழுதி வைத்து வகுப்பில் கேளுங்கள்.

பெயர்ப்பட்டியல் போடும்போது

புதிய தேசிய அடையாள அட்டை இலக்கம் 12 எண். அப்படியே எழுதினால் எக்செல் அதைச் சுருக்கி நடுவில் ஆங்கில எழுத்தோடு காட்டும். 0 இல் தொடங்கும் போன் நம்பரின் 0 காணாமல் போகும். எழுதத் தொடங்கும் முன்பே அந்த நிரலைத் தெரிவு செய்து "டெக்ஸ்ட்" என்று மாற்றுங்கள். தொலைந்த 0 பிறகு மாற்றினால் திரும்பி வராது. கட்டத்தில் வேலி போல ##### தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிரல் ஒடுக்கம். தலைப்பின் ஓரத்தை இரட்டைக் கிளிக் செய்தால் விரியும்.

தமிழில் பெயர் எழுத, எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையைப் பழகுங்கள். நம் நாட்டில் பல ஆபீஸ்களில் இன்னும் பாமினி எழுத்துருதான். அதில் எழுதிய பட்டியல் பாமினி இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும், தேடினாலும் பெயர் அகப்படாது. பாமினி விசைகள் கையில் பழகியிருந்தால் என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அதே விசைகளைத் தட்ட யுனிகோட் வரும்.

சேமிப்பதும் அனுப்புவதும்

கன்ட்ரோல் எஸ் கைப்பழக்கமாக வேண்டும். மேசைக் கணினியில் கரண்ட் போனால் சேமிக்காதது போய்விடும். தானாக மீட்கும் வசதி வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கும். மத்தியானத்துக்குப் பின் இடி முழங்கும் மாதங்களில் வேலையைச் சேமித்து, வயரையும் கழற்றிவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் அனுப்பினால் ஆசிரியருக்கு எண்தான் தெரியும், சூத்திரம் தெரியாது. "டொக்கியுமென்ட்" என்பதைத் தெரிவு செய்து ஃபைலையே அனுப்புங்கள். கூடவே "எனக்கு வரவில்லை" என்று எழுதாமல், "முதலாம் தாள், ஐ3, 4800 வர வேண்டும், 0 வருகிறது" என்று எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு முதல் நாள் புதுத் தாள் ஒன்றில் பழையதைப் பார்க்காமல் இரண்டு கணக்கையும் திரும்பப் போடுங்கள். எங்கே நின்று யோசித்தீர்களோ அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் போட்டு, அந்த ஃபைலையும் அனுப்பிவிடுங்கள்.