எதை முதலில் படிப்பது? கட்டுரைப் பட்டியல் போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித்தோட்டம் பற்றி ஆறு ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இணையத்தில் எழுதியிருக்கிறேன். அவற்றையெல்லாம் ஒரே வாசிப்புப் பட்டியலாகத் தொகுத்து வைத்த மறுவாரம், கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா கடிதம் போட்டார். "தம்பி, நான் இன்னும் ஒரு தொட்டிகூட வாங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே அசுவினிப் பூச்சிக்கு மருந்து தெளிக்கச் சொல்கிறீர்கள். நான் எதை முதலில் படிக்க வேண்டும்?"

அவர் கேட்டது முழு நியாயம். என் வெண்டைச் செடிகளை அசுவினி மொய்த்த ஆண்டில்தான் எழுதத் தொடங்கினேன், அதனால் முதல் கட்டுரை அதைப் பற்றியது. செம்மண்ணையும் மக்கிய தொழு உரத்தையும் தென்னை நார்க்கழிவையும் கலக்கும் விதத்தை மூன்றாம் ஆண்டில்தான் எழுதினேன். தேதி வரிசையிலேயே அடுக்கியதால் மண் கலவை முப்பதாவது இடத்துக்குப் போய்விட்டது. நாம் எழுதிய வரிசை வேறு, புதிதாக வருபவருக்குத் தேவைப்படும் வரிசை வேறு. பட்டியல்களில் நான் காணும் பெரிய தவறு இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான்.

தொகுப்பது நமக்குப் புதிய கலை அல்ல. அகநானூற்றின் 400 பாடல்களையும் தொகுத்தவர்கள், எண்ணைப் பார்த்தே திணையைச் சொல்லும்படி அடுக்கினார்கள். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20, 30 என வருபவை நெய்தல். ஒருவர் பாடிய பாடல்கள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அதற்காகத் தொகுத்தவர்கள் வருந்தவில்லை. படிப்பவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

வரிசையை மாற்றியதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. "சென்ற வாரம் சொன்னதுபோல" என்று ஒரு கட்டுரை தொடங்கும். பட்டியலில் அதற்கு முன்னால் இருப்பதோ வேறொரு கட்டுரை. பஞ்சகவ்யம் பற்றிய என் கட்டுரையில் "முன்பு கூறிய அளவில் கலக்கவும்" என்று மட்டும் இருந்தது. அந்த "முன்பு" இப்போது பின்னால் போயிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்று அந்த இடத்திலேயே எழுதிச் சேர்த்தேன். பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு கட்டுரையின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் இப்படித் திருத்தித்தான் ஆகவேண்டும். உழைப்பு இதில்தான் இருக்கிறது.

பெயர் வைப்பதிலும் அவசரம் கூடாது. "பொது", "இதர", "சிந்தனைகள்" என்ற தலைப்புகளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. "முதல் தொட்டி வைப்பவர்களுக்கு" என்றால், யாருக்கானதோ அவர் தானே வந்து படிப்பார். தலைப்பின் கீழே, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கட்டுரைக்கு ஒட்டும் குறிச்சொல்லையும் (tag) பட்டியலையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. தக்காளி பற்றிய எல்லாவற்றையும் தேடி எடுக்கக் குறிச்சொல் போதும். ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது புரியும் என்ற தொடர்ச்சி இருந்தால் மட்டுமே பட்டியல் போடுங்கள். ஒரே கட்டுரையை ஐந்து பட்டியல்களில் திணித்தால், படித்ததையே மறுபடி பார்க்கும் வாசகர் சலித்துப் போவார்.

எழுதிய எதையும் விட மனம் வராமல் எல்லாவற்றையும் சேர்ப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்த தவறு. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுபதையும் மறுபடி படித்தேன். ஒரே செய்தியை மூன்று முறை எழுதியிருந்த இடங்களில் தெளிவான ஒன்றை மட்டும் வைத்தேன். மற்றவற்றை அழிக்கவில்லை, தேடுபவருக்கு அவை கிடைக்கும். தொடக்கப் பட்டியலில் இப்போது ஒன்பது கட்டுரைகள் இருக்கின்றன. மண் கலவை முதலில், அசுவினி எட்டாவதாக.

ஆடிப்பட்டத்தில் விதைக்க நினைப்பவர்கள் ஆனி மாதத்திலேயே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் வைகாசி முடிவதற்குள் ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்க்கிறேன். சென்ற முறை இரண்டு திறக்கவில்லை. ஒன்று விதை சேமிப்புக் கட்டுரை.